சட்டம் பார்க்கும் கை: அயல்நாட்டுச் சாலைகளில் கைபேசி விதிகள்

1. கேள்வி

சிவப்பு விளக்கில் கார் நிற்கிறது. ஓட்டுநர் கைபேசியை எடுத்து, அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று வரைபடத்தைப் பார்க்கிறார். விளக்கு பச்சையாவதற்குள் கீழே வைத்துவிடுகிறார். இது குற்றமா?

டோக்கியோவில் இல்லை. வண்டி நின்றிருக்கும் நேரத்தை ஜப்பானியச் சட்டம் தடையிலிருந்து விலக்கியிருக்கிறது. லண்டனில் குற்றம், 200 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 தண்டப்புள்ளியும் விழும். பெர்லினில் பதில் எஞ்சினைப் பொறுத்தது. ஓட்டுநரே எஞ்சினை முழுதாக அணைத்திருந்தால் குற்றமில்லை. சிக்னலில் தானே அணைந்து தானே உயிர்பெறும் எஞ்சின் என்றால் குற்றம். கலிஃபோர்னியாவில் கைபேசியைக் கையில் பிடித்து வரைபடம் பார்த்தது குற்றமில்லை என்று 2014-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இடையில் சட்டம் திருத்தப்பட்டது. 2025-இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே செயலைக் குற்றம் என்றது.

வெளிநாட்டில் காரை வாடகைக்கு எடுப்பவர்களுக்கான கையேடுகள் இந்த வேறுபாடுகளை ஒரு பட்டியலாகத் தந்து நகர்ந்துவிடுகின்றன. சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்களோ இவற்றை அறிவியலுக்குப் பின்தங்கிய சட்டங்களின் குழப்பம் என்கிறார்கள். இரண்டு பார்வையும் ஒரு கேள்வியைத் தொடுவதில்லை: இந்தச் சட்டங்கள் உண்மையில் எதைத் தடுக்க முயல்கின்றன? ஓட்டுநரின் கையையா, கண்ணையா, கவனத்தையா? சட்டம் திரும்பத் திரும்பக் கையை நோக்கியே இழுக்கப்படுகிறது, ஆபத்து அங்கே குவிந்திருப்பதால் அல்ல, சாட்சியம் அங்கே இருப்பதால் என்பது இக்கட்டுரையின் வாதம். ஓர் எல்லைவரை அதில் நியாயம் உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் சட்டமே ஓட்டுநருக்குத் தவறான பாடம் சொல்லித் தருகிறது.

2. பன்னாட்டு ஒப்பந்தம் விட்ட இடைவெளி

வேறுபாடுகளின் வேரை 1968-ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்திலேயே காணலாம். அதன் 8-ஆம் உறுப்பில் 2006-இல் ஒரு பத்தி சேர்ந்தது. வண்டி ஓட்டுவதைத் தவிர மற்றச் செயல்களை ஓட்டுநர் எப்போதும் குறைத்துக்கொள்ள வேண்டும். கைபேசிப் பயன்பாட்டுக்கான விதிகளை ஒவ்வொரு நாடும் வகுக்க வேண்டும். எப்படியாயினும், வண்டி நகரும்போது கையில் பிடித்த கைபேசியைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தாக வேண்டும். இதுவே அப்பத்தியின் சாரம்.

முதல் வாக்கியம் கவனத்தைப் பற்றியது. ஆனால் அது வெறும் அறிவுரை அளவில் நிற்கிறது. கட்டாயம் என்று வரும்போது கையும் நகரும் வண்டியும் மட்டுமே மிஞ்சுகின்றன. புளூடூத், டாஷ்போர்டில் பொருத்திய திரை, காதொலிக் கருவி, சிவப்பு விளக்கு, கார் நிறுத்துமிடம் எல்லாம் அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விடப்பட்டன. ஒப்பந்தத்தில் சேராத அமெரிக்காவில் இந்த அடிப்படைக்கூடக் கிடையாது. அங்கே எல்லா ஓட்டுநருக்குமான கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை; மாநிலங்களிடையே லாரி, பேருந்து ஓட்டுபவர்களுக்கு மட்டும் 2012 முதல் கையில் பிடித்த கைபேசிக்குக் கூட்டாட்சித் தடை இருக்கிறது. முதல் தடையே ஓர் ஊராட்சியிலிருந்துதான் வந்தது: 1999-இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்டுக்குப் பக்கத்துச் சிற்றூரான புரூக்லின். 2001-இல் நியூயார்க் மாநிலம் தொடர்ந்தது.

3. 'பயன்படுத்துதல்' என்றால் என்ன? மூன்று நாடுகளின் நீதிமன்றங்கள்

2003 டிசம்பர் 1 அன்று பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த 110-ஆம் விதி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்குமான காலத்தில் எழுதப்பட்டது. தரவை அனுப்பியும் பெற்றும் இருவழித் தொடர்பு கொள்வதற்காகக் கைபேசியைக் கையில் பிடிப்பதே அதன் கவலை. தண்டனை 30 பவுண்டில் தொடங்கி 60, 100 என்று ஏறியது. 2017 மார்ச்சில் 200 பவுண்டும் 6 புள்ளியும் ஆனது. உரிமம் பெற்று இரண்டாண்டு ஆகாதவருக்கு 6 புள்ளி என்றால் உரிமமே ரத்து. தண்டனை இப்படி வளர்ந்துகொண்டே போக, குற்றத்தின் வரையறை மட்டும் 2003-இலேயே நின்றுவிட்டது.

அது எங்கே முறியும் என்பதை மேற்கு லண்டனின் ரைஸ்லிப்பில் 2017-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது. சாலையில் ஒரு விபத்து. அதைக் கடந்துசென்ற ஓட்டுநர் ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார், காவலர் பார்த்துவிட்டார். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் கிரௌன் நீதிமன்றம் விடுவித்தது. அரசுத் தரப்பு விடவில்லை. 2019 ஜூலையில் வழக்கு உயர் நீதிமன்றத்தில் முடிவானது. தீர்ப்பின் தர்க்கம் எளியது: கைபேசியில் வீடியோ எடுப்பது யாரோடும் தொடர்புகொள்வதாகாது, படம் கருவிக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது, விதி தடுத்தது தொடர்பை, ஆகவே இந்த விதியின் கீழ் குற்றமில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே படமெடுக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை, கவனக்குறைவாகவோ ஆபத்தாகவோ ஓட்டியதாக வேறு பிரிவில் வழக்குத் தொடரலாம் என்றும் நீதிபதிகள் சேர்த்துச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பிரிவுகளில் ஓட்டிய விதத்தையே நிரூபித்தாக வேண்டும். கையில் கைபேசி இருந்தது என்று மட்டும் காட்டினால் போதாது.

நீதிமன்றத்தைக் குறைசொல்ல இதில் இடமில்லை. தண்டனைச் சட்டத்தை அதில் எழுதியுள்ளபடிதான் படிக்க முடியும். குறை சட்டம் எழுதியவர்களுடையது. அவர்கள் அதைத் திருத்தவும் செய்தார்கள். 2022 மார்ச் 25 முதல் 'பயன்படுத்துதல்' என்பதற்கு ஒரு நீண்ட வரையறை வந்தது. திரையை ஒளிரச் செய்வது, நேரம் பார்ப்பது, பூட்டைத் திறப்பது, அழைப்பை ஏற்பது அல்லது மறுப்பது, அனுப்பாமல் செய்தியைத் தட்டச்சு மட்டும் செய்வது, படமெடுப்பது, சேமித்த பாடலையோ புத்தகத்தையோ திறப்பது எல்லாம் அதில் அடங்கின. வரும் அழைப்பை மறுக்க ஒருமுறை விரலால் தள்ளுவதும் குற்றம். இரண்டு விலக்குகள் கவனிக்கத்தக்கவை. 999 அல்லது 112-க்கு அவசர அழைப்பு, அதுவும் நிறுத்துவது ஆபத்தாகவோ நடைமுறைக்கு ஒவ்வாததாகவோ இருந்தால். இரண்டாவது, காரில் இருந்தபடியே உணவு வாங்கும் கடையில் நின்ற நிலையில், பொருள் கைக்கு வரும் நேரத்தில் கைபேசியால் பணம் செலுத்துவது. பணப்பையும் கைபேசியும் ஒன்றாகிவிட்ட காலத்துக்குச் சட்டம் திறந்துவிட்ட சிறு கதவு அது.

கலிஃபோர்னியா அதே பாதையில்தான் நடந்தது. 2008-இல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம் பேசுவதையும் கேட்பதையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2012-இல் ஃபிரெஸ்னோ நகரில் சாலைப்பணி நெரிசலில் நின்றிருந்த ஒருவர் வேறு வழி உண்டா என்று கைபேசி வரைபடத்தைப் பார்த்தார். 165 டாலர் அபராதம் விழுந்தது. 2014-இல் நீதிமன்றம் அதை நீக்கியது. 2017 ஜனவரி முதல் புதிய விதி: கைபேசி கண்ணாடியிலோ டாஷ்போர்டிலோ பொருத்தப்பட்டிருக்க வேண்டும், விரலால் ஒரே தட்டு அல்லது ஒரே தள்ளல் மட்டும் அனுமதி. முகவரியைத் தட்டச்சு செய்ய ஒரு தட்டு போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் புறப்படும் முன்பே செய் என்பதுதான் விதியின் உட்பொருள்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2017 அக்டோபரில் திருத்தப்பட்ட அதன் சாலை விதி கைபேசியை மட்டும் குறிக்காமல் தொடர்பு, தகவல், ஒழுங்கமைப்புக்கான எல்லா மின்னணுக் கருவிகளையும் குறிக்கிறது. கையில் எடுக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது. இது கைக்கான பகுதி. அதோடு நில்லாமல், பொருத்திய கருவியானாலும் குரல்வழிதான் இயக்க வேண்டும். இல்லையேல் சாலை, நெரிசல், வெளிச்சம், வானிலைக்கு ஏற்ற ஒரு குறுகிய பார்வைக்கு மேல் திரையில் கண் நிலைக்கக் கூடாது என்கிறது. நான் அறிந்த ஐரோப்பிய விதிகளில் கண்ணை இவ்வளவு நேராகப் பேசுவது இதுதான்.

அந்த வாசகத்தின் விளைவுகள் விரைவில் தெரிந்தன. வண்டி ஓட்டும்போது பாக்கெட் கால்குலேட்டரைக் கையில் பிடிப்பதும் இவ்விதிக்குள் வரும் என்று ஜெர்மனியின் உச்சநிலைக் குற்றவியல் நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதைவிட முக்கியமானது அதே ஆண்டு மார்ச்சில் கார்ல்ஸ்ரூஹே மேல்நிலை நீதிமன்றம் தந்த முடிவு. கனமழையில் ஒரு டெஸ்லா கார் சாலையை விட்டு விலகி, அறிவிப்புப் பலகையிலும் மரங்களிலும் மோதியது. ஓட்டுநர் கைபேசியைத் தொடவில்லை. கண்ணாடித் துடைப்பானின் வேகத்தைக் கூட்ட முயன்றிருக்கிறார். அந்தக் காரில் அதைத் தொடுதிரையின் உட்பட்டியலில்தான் மாற்ற முடியும். மழையைத் துடைப்பது வண்டி ஓட்டுவதன் பகுதிதானே என்பது அவர் தரப்பு. தொடுதிரையும் மின்னணுக் கருவிதான், எந்த நோக்கத்துக்காகத் தொட்டாலும் பார்வை விலகிய நேரமே அளவுகோல் என்றது நீதிமன்றம். 200 யூரோ அபராதமும் ஒரு மாத ஓட்டுநர் தடையும் உறுதியாயின. ஓட்டுநருக்கு இது கடுமைதான். காரை அப்படி வடிவமைத்த நிறுவனத்தை இந்த வழக்கில் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆயினும் ஆபத்து எங்கே இருந்தது என்பதை அந்த நீதிமன்றம் சரியாகவே பார்த்தது.

4. நிற்கும் வண்டி

நிற்கும் வண்டியில் என்ன ஆபத்து என்று கேட்பது நியாயமே. ஜப்பான் அதை ஏற்றுக்கொண்டது. 2015-இல் தன் சட்டத்தை டேப்லெட் வரை விரித்த சிங்கப்பூரும் 'வண்டி நகரும்போது' என்ற நிபந்தனையை வைத்துக்கொண்டது. பிரான்ஸ் எதிர்முனையில் நிற்கிறது. அவசர விளக்குகளை எரியவிட்டுச் சாலையில் நிறுத்திவிட்டுப் பேசிய ஒருவரின் வழக்கில் அந்நாட்டின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்பளித்தது: தவிர்க்க முடியாத காரணமின்றிச் சாலையில் தற்காலிகமாக நிற்கும் வண்டி போக்குவரத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். முறையான நிறுத்துமிடத்துக்குப் போய்த்தான் பேச வேண்டும்.

என் பார்வையில் பிரான்சும் பிரிட்டனும் செய்தது சரி. விளக்கு பச்சையாகும் கணத்தில் மனம் இன்னும் திரையிலேயே இருக்கும். அந்தக் கணத்தில்தான் சாலையைக் கடந்து முடிக்காத முதியவரும் இடப்பக்கமாக நுழையும் சைக்கிளும் காரின் முன்னால் இருப்பார்கள்.

5. சான்றுகள் சொல்வது

ஆபத்தின் அளவைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு டொராண்டோவில் நடந்தது. டொனால்ட் ரெடல்மையரும் ராபர்ட் டிப்ஷிரானியும் 1997-இல் அதை வெளியிட்டார்கள். பொருட்சேதம் மிகுந்த விபத்துகளில் சிக்கிய, கைபேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்கள். அவர்களுடைய கட்டணப் பட்டியலிலிருந்து 26,798 அழைப்புகள். ஒவ்வொரு ஓட்டுநரையும் அவரோடே ஒப்பிட்டதுதான் இந்த ஆய்வின் நுட்பம்: விபத்துக்குச் சற்றுமுன் பேசினாரா, முந்தைய நாளில் அதே நேரத்தில் பேசினாரா? கைபேசியில் பேசும்போது மோதலுக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தெரிந்தது. கையைப் பயன்படுத்தாமல் பேசியவர்களுக்கு எந்தச் சலுகையும் கிடைத்ததாகத் தெரியவில்லை. 2005-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை வைத்துச் செய்த ஆய்வும் அதே நான்கு மடங்கையே கண்டது. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் வேறுபாடு இல்லை.

இம்முறைக்குக் குறைகள் உண்டு. மோதல் நடந்த சரியான நிமிடம் பெரும்பாலும் தெரியாது. விபத்துக்குப் பிறகு உதவி கேட்டுச் செய்த அழைப்பு முன்னதாகக் கணக்கில் ஏறிவிடலாம். அன்று ஓட்டுநருக்கு இருந்த ஏதோவொரு பதற்றமே அழைப்புக்கும் விபத்துக்கும் சேர்ந்து காரணமாகியிருக்கலாம். ஆனால் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் உடன் ஆய்வாளர்களும் ஓட்டுதலைப் போலிசெய்யும் கருவியில் செய்த சோதனைகள் வேறொரு திசையிலிருந்து அதே இடத்துக்கு வருகின்றன. ஓட்டுநரின் கண் எங்கே பதிகிறது என்று அளந்துகொண்டே சாலையோரப் பலகைகளைக் காட்டினார்கள். பலகையின் மீது கண் பட்டிருந்தும், கையைப் பயன்படுத்தாமல் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர்களால் பிறகு அதை நினைவுகூர முடியாமல் போனது. கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. 2006-இல் அதே குழு, கைபேசியில் பேசுவோரை 0.08 விழுக்காடு ஆல்கஹால் இரத்தத்தில் உள்ளவர்களோடு ஒப்பிட்டது. பேசுவோர் பிரேக் போடுவது தாமதமானது. பாதிப்பின் தன்மை வேறாக இருந்தாலும் அளவு இணையாக இருந்தது.

எதிர்ச் சான்றும் வலுவானதே. வர்ஜீனியா டெக் போக்குவரத்து நிறுவனம் லாரிகளில் கேமரா பொருத்திப் பதிவுசெய்த உண்மைப் பயணங்களை 2009-இல் ஆராய்ந்தது. குறுஞ்செய்தி அனுப்பும் லாரி ஓட்டுநருக்கு விபத்து அல்லது விபத்துக்கு நெருங்கிய நிகழ்வுக்கான வாய்ப்பு 23 மடங்கு. 6 விநாடி இடைவெளியில் 4.6 விநாடி கண் சாலையில் இல்லை. கையைப் பயன்படுத்தாமல் பேசுவதோ ஆபத்தைக் கூட்டவில்லை. தொழில்நுட்ப நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. இரண்டையும் எப்படி எடைபோடுவது? வண்டியினுள் இருக்கும் கேமரா கண்ணைப் பார்க்கும், மனத்தைப் பார்க்காது. மேலும் நீண்ட நெடுஞ்சாலையில் தனியே ஓட்டும் லாரிக்காரரைப் பேச்சு விழித்திருக்க வைக்கலாம். சந்திகளும் பாதசாரிகளும் நிறைந்த நகரச் சாலையில் அதே பேச்சு வேறு வேலை செய்யும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தெளிவாவது ஒரு வரிசை. கண் விலகுவதன் ஆபத்து ஐயத்துக்கு இடமில்லாதது. மனம் விலகுவதன் ஆபத்து பெரும்பாலும் உண்மையானது. சாலைக்கேற்ப அதன் அளவு மாறும். ஒரு கை ஸ்டீரிங்கில் இல்லாமல் ஓட்டுவதன் ஆபத்து இவ்விரண்டையும்விடக் குறைவு. சட்டங்களின் அக்கறையோ தலைகீழ் வரிசையில் நிற்கிறது.

பக்கத்தில் அமர்ந்து பேசுபவரும் கவனத்தைக் கலைப்பவர்தானே என்று எப்போதும் ஒரு கேள்வி எழும். யூட்டா குழு 2008-இல் இதையும் சோதித்தது. பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்துகிறார். திரும்ப வேண்டிய இடத்தைச் சில வேளை அவரே சொல்கிறார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு எதுவும் தெரியாது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் அழைக்கும் நம் குடும்பங்களில் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே மாலை வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில்தான் பிள்ளைகள் 'இப்போ ஃப்ரீ, பேசுங்க' என்பார்கள். 'வண்டியில இருக்கியா?' என்று ஒரு கேள்வி கேட்டு, ஆம் என்றால் வைத்துவிடுவது எந்தச் சட்டமும் செய்ய முடியாத பாதுகாப்பு.

6. சட்டத்துக்கே தெரிந்த உண்மை

புளூடூத் பேச்சில் ஆபத்து உண்டு என்பது சட்டமியற்றியவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. கலிஃபோர்னியா பெரியவர்களுக்குப் புளூடூத்தை அனுமதித்த அதே 2008 ஜூலை 1 அன்று, 18 வயதுக்குட்பட்ட ஓட்டுநர்களுக்கு அதையும் தடைசெய்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பயிற்சி உரிமமும் தற்காலிக உரிமமும் வைத்திருப்பவர்கள் கைபேசியை எந்த விதத்திலும் பயன்படுத்த முடியாது. கையை விடுவித்தால் ஆபத்து தீர்ந்துவிடும் என்று நம்பியிருந்தால் இந்த விலக்குகளுக்கு அவசியம் இருந்திராது. வாக்குரிமை இல்லாதவர்களுக்கும் புதியவர்களுக்கும் மட்டும் முழு உண்மையை விதியாக்கினார்கள் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நடந்தது அதுதான்.

முழு உண்மையைப் பெரியவர்களுக்கும் விதியாக்க முயன்ற ஓர் ஊர் உண்டு. வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகர மன்றம் 2012 மார்ச்சில் 5-4 என்ற வாக்கில், வண்டி ஓட்டும்போது புளூடூத் உட்பட எவ்வகையிலும் கைபேசியில் பேசக் கூடாது என்று விதி செய்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2014-இல் அதை நீக்கியது. கைபேசியும் வாகனமும் மாநிலச் சட்டத்தின் விரிவான ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை, அதில் ஊராட்சி தனி விதி செய்ய முடியாது என்பது காரணம். தடை சரியா தவறா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போக நேரவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரிலேயே மாநிலங்களிடம் கேட்டதும் இதே முழுத்தடையைத்தான். எந்த மாநிலமும் எல்லா ஓட்டுநருக்கும் அதைச் செய்யவில்லை. பிரிட்டனில் நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு 2019 ஆகஸ்டில் புளூடூத் தடையையும் பரிசீலிக்கச் சொன்னது. நடைமுறைப்படுத்துவது கடினம் என்று அரசு மறுத்தது.

அந்தப் பதிலைச் சாக்கு என்று ஒதுக்க நான் தயாரில்லை. காரில் தனியே பேசிக்கொண்டு போகிறவர் பாடுகிறாரா, பேசுகிறாரா என்று சாலையோரக் காவலரால் சொல்ல முடியாது. நிரூபிக்க முடியாத குற்றத்தை எழுதி வைத்தால், காவலருக்குப் பிடிக்காத முகங்கள்தான் முதலில் நிறுத்தப்படும். என் குறை வேறு. தடுக்க முடியாததைத் தடுக்காமல் விடுவது ஒன்று. அது பாதுகாப்பானது என்ற எண்ணத்தை வளரவிடுவது இன்னொன்று. 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ போட்டிருக்கேன், பரவாயில்லை' என்று ஓட்டுநர் சொல்லும்போது, அபராதத்திலிருந்து தப்பியதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார். சட்டத்தின் மௌனம் அந்த நம்பிக்கைக்கு உரமிடுகிறது.

7. மேலிருந்து பார்க்கும் கேமரா

கையைத் தடுக்கும் சட்டம் கையைப் பார்க்கும் கருவியைத் தேடிப் போனதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் 2019 டிசம்பர் 1 அன்று கைபேசியைக் கண்டறியும் கேமராக்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உலகில் இதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆறு மாதச் சோதனையில் 85 லட்சம் வாகனங்கள் பார்க்கப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேலான ஓட்டுநர்கள் கைபேசியோடு அகப்பட்டார்கள். முதல் மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதம். 2020 மார்ச் முதல் அபராதம்.

சாலைக்கு மேலே கட்டிய கேமரா முன்கண்ணாடியின் வழியே கீழ்நோக்கிப் படமெடுக்கிறது. ஸ்டீரிங், மடி, இருக்கைகளுக்கு நடுவில் உள்ள இடம் எல்லாம் தெரியும். முதலில் மென்பொருள் படத்தைச் சலிக்கிறது. குற்றம் இருக்கக்கூடும் என்று அது ஒதுக்கியதை மனிதர் சரிபார்க்கிறார். அதோடு சேர்ந்து வந்த சட்டத்தில் ஒரு விதி உண்டு: படத்தில் ஓட்டுநர் கையில் இருப்பது கைபேசி என்றே கருதப்படும், இல்லை என்று காட்டும் பொறுப்பு ஓட்டுநருடையது. கைக்குட்டையையோ பணப்பையையோ பிடித்திருந்தவர் தன் நிரபராதித்தனத்தைத் தானே நிறுவ வேண்டும். நிரூபிக்கும் சுமை எப்போதும் அரசின் மேல்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் இதைக் கண்டு கலங்குவது நியாயமே. உயிர்ச்சேதத்தைக் குறைக்கும் என்பதற்காக மட்டும் இந்தத் தலைகீழ் மாற்றத்தை எளிதாக ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. சாலையிலிருந்து வீட்டுக்கும் கடைக்கும் அது நகர அதிக காலம் ஆகாது.

தடைகளே பயன் தருகின்றனவா என்ற கேள்வியும் முடிந்தபாடில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் 2009-இலும் 2010-இலும் தடைக்கு முன்னும் பின்னும் காப்பீட்டு உரிமைகோரல்களை ஒப்பிட்டது. கையில் பிடிக்கும் தடைக்குப் பிறகு கோரல்கள் குறையவில்லை. குறுஞ்செய்தித் தடை வந்த நான்கு மாநிலங்களில் மூன்றில் சற்றுக் கூடின. காவலர் கண்ணில் படாமலிருக்கக் கைபேசியை மடிக்குத் தாழ்த்தினால் கண் சாலையிலிருந்து இன்னும் கீழே போகும் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். நிரூபணமாகாத விளக்கம்தான், ஆனால் கையைத் தண்டிக்கும் சட்டம் கண்ணை எங்கே தள்ளிவிடக்கூடும் என்பதை அது காட்டுகிறது. மேலிருந்து மடியைப் பார்க்கும் கேமராவுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலுவான வாதமும் இதுவே.

8. எல்லையைக் கடக்கும் ஓட்டுநர்

லண்டனிலிருந்து பாரிசில் உள்ள உறவினர் வீட்டுக்கும், அங்கிருந்து ஜெர்மனியில் ஒரு கல்யாணத்துக்கும் காரிலேயே போகும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கைபேசி அதே ஸ்டாண்டில் இருக்கும். விதிகள் மட்டும் மாறிக்கொண்டே வரும். பிரிட்டனில் காதில் இயர்போனோடு ஓட்டுவதைத் தனியே தடுக்கும் சட்டம் இல்லை. பிரான்சின் கலே துறைமுகத்தில் இறங்கியதும் அது 135 யூரோவும் 3 புள்ளியும் பெறும் குற்றம். 2015 ஜூலை முதல் காதில் இயர்போன் எதையும் பொருத்தி ஓட்டுவதைப் பிரான்ஸ் தடைசெய்திருக்கிறது. வேகக் கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லும் செயலியின் எச்சரிக்கை பிரிட்டனில் சட்டத்துக்கு உட்பட்டது. பிரான்சில் 'ஆபத்துப் பகுதி' என்ற பொது எச்சரிக்கைக்கு மேல் அது போகக் கூடாது. ஜெர்மனியில் ஓட்டும்போது அந்த வசதியைப் பயன்படுத்துவதே குற்றம். நெதர்லாந்துக்குள் போய் வாடகைச் சைக்கிள் எடுத்தால், 2019 முதல் சைக்கிளோட்டிக்கும் கைபேசித் தடை உண்டு.

அயல்நாட்டு எண்பலகை காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லை கடந்து உரிமையாளரின் விவரத்தைப் பெறக்கூடிய குற்றங்களின் பட்டியலில் கைபேசிப் பயன்பாடும் இருக்கிறது. நாட்டில் முகவரி இல்லாத ஓட்டுநரிடம் சாலையிலேயே பணம் பெற்றுக்கொள்ள பிரிட்டிஷ் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு.

இந்தியாவில் பழகியவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். 2020 அக்டோபரில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி, கவனம் குலையாதபடி வழிகாட்டலுக்கு மட்டும் கையடக்கக் கருவியைப் பயன்படுத்த இடம் தருகிறது. அந்தப் பழக்கத்தோடு கனடாவின் ஒண்டாரியோவில் இறங்குபவருக்கு நிலைமை வேறு. அங்கே கைபேசியைக் கையில் பிடித்திருப்பதே போதும், ஒரு கணம் ஆனாலும் சரி என்று மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் முடிவு செய்துவிட்டது. 2019 முதல் அங்கே முதல் குற்றத்துக்கே அபராதத்தோடு மூன்று நாள் உரிமம் முடக்கம். அறியாத ஊரில் வரைபடம் இல்லாமல் ஓட்ட முடியாது என்பதும் உண்மை. வழி தெரிந்த உள்ளூர்வாசியைவிடத் திரை அதிகம் தேவைப்படுவது விருந்தினருக்குத்தான். விதி குறைவாகத் தெரிந்திருப்பதும் அவருக்குத்தான். சாவியைக் கொடுக்கும்போது வாடகை நிறுவனம் அந்நாட்டின் விதியை ஒரே தாளில் தருவதைச் சட்டமே கட்டாயமாக்கலாம். வேக எல்லையைச் சாலையில் பலகையாக நட்டு வைக்கும் அரசுகள் இதை மட்டும் பயணியின் தேடலுக்கு விட்டுவிடுகின்றன.

9. காரின் சொந்தத் திரை

கைபேசியைக் கையிலிருந்து இறக்கிய சட்டங்கள் அதே வசதிகளைக் காரின் நடுவில் 15 அங்குலத் திரையில் ஏற்றியதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டனின் 2022 வரையறை எவ்வளவு நீண்டதாக இருந்தாலும், கையில் பிடிக்காத கருவியை அது தொடாது. கையில் பிடித்த கைபேசியில் நேரம் பார்த்தால் 6 புள்ளி. காரின் திரையில் பாடல் பட்டியலை ஒரு நிமிடம் துழாவினால் இவ்விதியின் கீழ் எதுவும் இல்லை. ஜப்பானியச் சட்டம் வண்டியில் பொருத்திய திரையை உற்றுப் பார்ப்பதையும் தடையில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதற்குத் தண்டனை போக்குவரத்துக்கு ஆபத்து நேர்ந்த பிறகே வருகிறது. ஜெர்மன் விதி மட்டுமே விபத்துக்குக் காத்திராமல் பார்வையின் நீளத்தைக் கேட்கிறது. அங்கும் தண்டனை ஓட்டுநரோடு நின்றுவிடுகிறது.

வடிவமைப்பாளர் பக்கம் பொறுப்பு நகர்வதற்கான முதல் அறிகுறி அரசுகளிடமிருந்து வரவில்லை. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் ஐந்து செயல்களுக்குத் திரை அல்லாத தனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறது: திருப்ப விளக்கு, அவசர விளக்கு, ஹார்ன், கண்ணாடித் துடைப்பான், அவசர உதவி அழைப்பு. இது சட்டம் அல்ல. மதிப்பெண்ணை இழக்கத் துணியும் நிறுவனத்தை யாரும் தடுக்க முடியாது. வரைபடம், குளிர்சாதனம், ஒலி அளவு, அழைப்புப் பட்டியல் ஆகியவை அந்த ஐந்தில் இல்லை. வண்டி ஓட்டும்போது விரல் அடிக்கடி தேடிப் போவது இவற்றைத்தான்.